விழுப்புரத்தில் பெட்டி கழற்றிய ஜெட் விமானம்

திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் போகும் காலைப் பாசஞ்சரில் இங்கிலீஷ் படிக்கத் தெரிந்தவர்கள் இரண்டே பேர் என்று நான் நம்பியிருந்தேன். ஒருவர் கார்டு. இன்னொருவர் நான். கார்டைப் பற்றிக்கூட எனக்குக் கொஞ்சம் சந்தேகம் உண்டு. அவர் கையில் நான் ஒருநாளும் புத்தகத்தைப் பார்த்ததில்லை. என் கையில் எப்போதும் ஓர் இங்கிலீஷ் பத்திரிகை இருக்கும். அதைச் சுருட்டும்போது பெயர் வெளிப்பக்கம் தெரியும்படி சுருட்டுவேன். மல்லாட்டை என்று எங்கள் பக்கம் சொல்லும் வேர்க்கடலை மூட்டையைக் காலடியில் போட்டுக்கொண்டு எதிரே உட்கார்ந்திருக்கும் பெண்கள் அதைப் பார்க்க வேண்டும், பார்த்து என்னையும் பார்க்க வேண்டும் என்பது ஏற்பாடு. யாரும் பார்க்கவில்லை. ஒருத்தி மட்டும் ஒருநாள் கை நீட்டி, அதில் ஒரு தாளைக் கிழித்துக் கொடுத்தால் வெற்றிலையைச் சுற்றிக்கொள்வேன் என்று கேட்டாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆள் நான். அப்பா ரயில்வேயில் கேங்மேன். தண்டவாளத்தை ஒட்டி நடந்து, தளர்ந்த ஆணியை அடித்து, ஜல்லியைக் குத்தி இறுக்கும் வேலை. திண்டிவனம் ஸ்டேஷனைத் தாண்டி லைன் ஓரத்தில் ஓர் அறையும் ஒரு தாழ்வாரமுமாக இருந்த குவார்ட்டர்ஸில் அம்மா, அப்பா, நான், தங்கை நான்கு பேரும் இருந்தோம். சுவர் அதிர்வதை வைத்தே என்ன வண்டி போகிறது என்று சொல்லிவிடுவோம். கூட்ஸுக்குப் பானைகள் மட்டும் ஆடும். எக்ஸ்பிரஸுக்குத் தட்டில் இருக்கும் கேப்பைக் களியும் ஆடும். எங்களுக்கு உலகம் என்பது ரயில்தான். அப்போது அது எனக்குத் தெரியவில்லை. நான் உலகத்தையே படித்து முடித்துவிட்டதாக நினைத்திருந்தேன்.

எஸ்.எஸ்.எல்.சி. தேறி, ஆசிரியர் பயிற்சியும் முடித்து, விழுப்புரத்தில் ஒரு பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் வேலைக்குச் சேர்ந்தேன். பிரசவத்துக்குப் போன டீச்சருடைய இடம் அது. டெம்பரவரி. எங்கள் வீட்டில் அந்த வார்த்தைக்கு யாருக்கும் அகராதி தேவையில்லை. அப்பா தலைமுடி கொட்டும்வரை டெம்பரவரியாக இருந்து, அப்புறம் பர்மெனன்ட் ஆனவர். அதனால் நான் வேலைக்குப் போன முதல் நாள் அவர் பெரிதாகச் சந்தோஷப்படவில்லை. "நீ பர்மெண்டு ஆவு. அப்புறம் சின்னவளப் பத்தி யோசிக்கலாம்," என்றார். தங்கை அப்போது எட்டாவது. எட்டோடு நிறுத்திவிடலாமா, ஒன்பதில் சேர்க்கலாமா என்பது என் வேலையில் தொங்கிக்கொண்டிருந்தது. படித்ததால் ஒரு பெண்ணுக்கு நிலையான சோறு கிடைக்கும் என்று ஒருத்தி காட்டினால் இன்னொருத்தியும் படிக்கட்டும். இல்லாவிட்டால் எதற்கு? அப்பாவின் கணக்கு அவ்வளவுதான். அதில் நான் தப்புச் சொல்ல ஒன்றுமில்லை.

வருஷக் கடைசியில் அந்தப் பழைய டீச்சர் கணவரோடு திருச்சிப் பக்கம் போய்விட்டார், திரும்ப வரமாட்டார் என்று தகவல் வந்தது. இடம் காலி. ஹெட்மிஸ்ட்ரஸ் என்னைக் கூப்பிட்டு, இன்ஸ்பெக்ட்ரஸ் வருகிறார், உன் வகுப்பில் உட்கார்ந்து ஒரு பாடம் பார்ப்பார், அவருக்குத் திருப்தி என்றால் அந்த இடம் உனக்கு, இல்லையென்றால் வேறு ஆளைக் கேட்டு எழுத வேண்டியிருக்கும் என்றார். எந்தப் பாடம் எடுப்பது என்பதையும் அவரே சொன்னார்.

"நெம்புகோல் எடுங்க. கடப்பாரை, கத்திரிக்கோல், ஏற்றம், எல்லாம் கைக்குக் கிடைக்கும். தப்பு வராது."

தப்பு வராத பாடத்தை எடுத்து என்ன பெருமை என்று எனக்குத் தோன்றியது. நெம்புகோலை யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். இங்கிலீஷ் பத்திரிகையைச் சுருட்டிக்கொண்டு ரயிலில் வருகிற ஒருத்தி நெம்புகோலா எடுப்பாள்? நான் புதிதாக ஒன்று எடுக்கப் போகிறேன் என்று சொன்னேன். ஹெட்மிஸ்ட்ரஸ் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "உங்க இஷ்டம்," என்றார். அதை நான் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

புதிதாக ஒன்று என் கையிலேயே இருந்தது. விழுப்புரம் வாசகசாலையில் பழைய இதழ்களை வீட்டுக்கு எடுத்துப்போக விடுவார்கள். அப்படி எடுத்துவந்த ஒன்றில் வழவழப்பான காகிதத்தில் ஒரு கட்டுரை. சின்ன ஜெட் விமானங்களைப் பற்றியது. அதுவரை ஜெட் என்றால் கடல் தாண்டிப் போவதற்குத்தான். ஒரு ஊரிலிருந்து பக்கத்து ஊருக்குப் பறக்க விசிறி சுழலும் பழைய விமானங்களே போதும், ஜெட்டைப் போட்டால் எண்ணெயைக் குடித்தே ஒழித்துவிடும் என்று எல்லோரும் நினைத்திருந்தார்கள். வெள்ளைக்காரர்கள் சிலர், முடியும் என்று சொல்லி ஒரு சின்ன ஜெட்டைச் செய்தார்கள். இஞ்சின்களை இறக்கையிலிருந்து எடுத்து வாலில் ஒட்டினார்கள். அதனால் இறக்கைக்குக் கீழே இடம் வேண்டியதில்லை, விமானம் தரைக்குப் பக்கத்தில் தாழ்ந்து நிற்கும், சாமானைத் தரையில் நின்றபடியே ஏற்றலாம். வாலுக்கு அடியில் மடக்குப் படி. சின்ன ஊரில் ஏணி இல்லாவிட்டாலும் கவலையில்லை, படியைத் தானே இறக்கிவிடும். ஓடுபாதையும் நீளமாக வேண்டாம்.

இதுவரை எனக்கு நன்றாகவே புரிந்தது. அதற்கப்புறம்தான் கட்டுரை, அந்த ஒரு விமானம் எப்படி ஒரு குடும்பமாக ஆனது என்று சொல்ல ஆரம்பித்தது. விமானக் கம்பெனிகள் இன்னும் அதிக ஆட்கள் ஏற வேண்டும் என்று கேட்டார்களாம். செய்தவர்கள் அதே விமானத்தை நீளமாக்கினார்கள். பிறகு நீளமானதன் இறக்கையைக் குட்டையானதன் உடம்பில் பொருத்தி, இன்னும் சின்ன ஓடுபாதைக்காக மூன்றாவதாக ஒன்று. இந்தப் பகுதியில் எனக்குத் தெரியாத வார்த்தைகள் நிறைய வந்தன. எக்ஸ்பிரஸ் வண்டி சின்ன ஸ்டேஷன்களில் நிற்காமல் போவதைப்போல நான் அவற்றில் நிற்காமல் போனேன். பக்கத்தில்தான் படம் இருந்ததே. படத்தில் விமானத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து, இடைவெளி விட்டு வரைந்திருந்தார்கள். மூக்குப் பகுதி. அதற்குப் பின்னால் தனியாக ஓர் உருளை. இறக்கையோடு நடுப்பகுதி. அதற்குப் பின்னால் இன்னோர் உருளை. வால்.

அதைப் பார்த்ததும் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. விழுப்புரம் ஜங்ஷனில் தினமும் நான் பார்ப்பதுதான் அது. மெட்ராஸிலிருந்து வரும் வண்டி நிற்கும். பாண்டிச்சேரிப் பெட்டிகளைக் கழற்றுவார்கள். வேறொரு இஞ்சின் வந்து அவற்றை இழுத்துக்கொண்டு போகும். திருவிழாக் காலமென்றால் கூடுதல் பெட்டி சேர்ப்பார்கள். விமானத்திலும் அதுதான். கூட்டம் அதிகமானால் நடுவில் இரண்டு பெட்டியைச் சேர்க்கிறார்கள், குறைந்தால் கழற்றிவிடுகிறார்கள். வெள்ளைக்காரன் மூளையே மூளை என்று வியந்தேன். அந்த மூளையைப் புரிந்துகொண்ட என் மூளையை இன்னும் கொஞ்சம் அதிகமாக வியந்தேன்.

மாதிரி செய்ய ஆரம்பித்தோம். பழைய காலண்டர் அட்டையைச் சுருட்டி மைதாப் பசை போட்டு உருளைகள் செய்தேன். தங்கை கடைகடையாய்ப் போய் சிகரெட் பெட்டிக்குள் இருக்கும் வெள்ளித் தாளைச் சேகரித்து வந்து, நகத்தால் நீவி நீவி ஒட்டினாள். இஞ்சின்களுக்கு நூல்கண்டுக் கட்டைகள். பெட்டியையும் பெட்டியையும் இணைக்க என்ன செய்வது என்று யோசித்து, ஜாக்கெட்டுக்குத் தைக்கும் கொக்கிகளை வாங்கி ஒவ்வொரு உருளையின் விளிம்பிலும் தைத்தேன். மாட்டினால் விமானம் நீளும், கழற்றினால் குறுகும். படத்தில் உருளைகளின் விளிம்போரம் வரிசையாகச் சின்னச் சின்னப் புள்ளிகள் இருந்தன. தங்கை அவற்றையும் மையால் வைக்கட்டுமா என்று கேட்டாள். அச்சு மசி தெறித்திருக்கிறது, அதெல்லாம் வேண்டாம் என்று சொன்னேன்.

அப்பா வேலையிலிருந்து வந்து, கால் கழுவிக்கொண்டு, தாழ்வாரத்தில் பரப்பியிருந்ததைப் பார்த்தார். நான் விளக்கினேன். அவருக்கு ஆச்சரியமே இல்லை.

"கூட்டம் ஜாஸ்தின்னா பொட்டி சேக்கறதுதான். வேற இன்னா பண்ணுவான்?" என்றார். பிறகு குனிந்து உற்றுப் பார்த்து, "வாக்குவம் பைப்பு எங்க?" என்று கேட்டார்.

ரயிலில் பெட்டிக்குப் பெட்டி பிரேக்குக்காக ஒரு ரப்பர்க் குழாய் மாட்டுவார்கள். அது இல்லாமல் வண்டி நிற்காது. அப்பா சொன்னதும் எனக்குச் சுருக்கென்றது, இவ்வளவு பெரிய விஷயத்தை விட்டுவிட்டேனே என்று. கட்டுரையில் அதைப் பற்றி ஒன்றுமில்லை, ஆனால் கட்டுரையில் நான் படிக்காத இடங்களில் எங்காவது இருக்கும் என்று வைத்துக்கொண்டேன். தங்கை சைக்கிள் கடையில் வால்வு டியூப் வாங்கி வந்தாள். உலகத்திலேயே வாக்குவம் பிரேக் உள்ள ஜெட் விமானம் அன்று திண்டிவனத்தில் கேங் குவார்ட்டர்ஸில் தயாரானது. அதைச் செய்த மூன்று பேருக்கும் அதில் ஒரு குறையும் தெரியவில்லை.

இன்ஸ்பெக்ஷனுக்கு முன்னால் எந்தப் பள்ளியிலும் ஒத்திகை நடக்கும். நடக்கக் கூடாது என்று விதி இருப்பதும், நடக்கும் என்று எல்லோருக்கும் தெரிவதும் ஒன்றாகவே இருந்து வந்தன. நானும் நடத்தினேன். எந்தப் பெண் எப்போது எழுந்து எந்தக் கேள்வி கேட்க வேண்டும் என்று பங்கு பிரித்துக் கொடுத்தேன். என் வகுப்பில் பாதிப் பேர் ரயில்வே காலனிப் பிள்ளைகள். அதில் ஒருத்தி இஞ்சின் டிரைவர் மகள். ஒல்லியாக, எப்போதும் எதையாவது மென்றுகொண்டிருப்பாள். அவளுக்கு, "இந்த விமானத்துக்கு எத்தனை இஞ்சின், டீச்சர்?" என்ற கேள்வியைக் கொடுத்தேன். அதற்கு மேல் அவள் வாயைத் திறக்கக் கூடாது என்றும் சொல்லியிருந்தேன்.

அந்த நாள் வந்தது. வகுப்புக்குப் புதிதாகச் சுண்ணாம்பு அடித்திருந்தார்கள். சுவரில் சாய்ந்தவர்கள் முதுகெல்லாம் வெள்ளை. இன்ஸ்பெக்ட்ரஸ் பருத்திப் புடவையும் பெரிய கைக்கடிகாரமுமாக வந்து, கடைசி வரிசைக்குப் பின்னால் போட்டிருந்த நாற்காலியில் உட்கார்ந்தார். பக்கத்தில் ஹெட்மிஸ்ட்ரஸ். நான் அந்த வெள்ளி விமானத்தை மேஜையில் வைத்ததும் இன்ஸ்பெக்ட்ரஸ் கொஞ்சம் நிமிர்ந்தார். அதைப் பார்த்தபோது எனக்கு வேலை கிடைத்துவிட்டது என்றே தோன்றியது.

பாடம் நன்றாகவே போனது. பெரிய ஜெட், சின்ன ஜெட், வாலில் இஞ்சின், மடக்குப் படி என்று எல்லாவற்றையும் சொன்னேன். பிறகு கொக்கியைக் கழற்றி, மாட்டி, நீட்டி, குறுக்கிக் காட்டினேன். நடுவில் எனக்கு உற்சாகம் தலைக்கேறி, ஒத்திகையில் இல்லாத ஒன்றையும் சேர்த்துக்கொண்டேன். வருங்காலத்தில் மெட்ராஸிலிருந்து மதுரைக்குப் போகும் ஜெட் விமானம் நம் விழுப்புரத்திலும் இறங்கும், இங்கே பாண்டிச்சேரிப் பெட்டியைக் கழற்றிவிட்டுப் போகும் என்றேன். பிள்ளைகள் வாயைப் பிளந்தார்கள். இன்ஸ்பெக்ட்ரஸ் புன்னகையோடு ஏதோ எழுதினார்.

டிரைவர் மகள் எழுந்து தன் கேள்வியை ஒழுங்காகக் கேட்டாள். நான் ஒழுங்காகப் பதில் சொன்னேன். அவள் உட்காரவில்லை.

"டீச்சர், கழட்டி வுட்ட பொட்டிக்கு ரெக்க இல்லியே. அது எப்படிப் பாண்டிச்சேரிக்குப் பறக்கும்?"

பதில் தெரியாத ஆசிரியர்கள் சொல்லும் பதிலைச் சொன்னேன். நல்ல கேள்வி என்றேன். பிறகு, பாண்டிச்சேரிக்குப் போக வேறு ஒரு சின்ன விமானம் தயாராக நிற்கும், ரயிலுக்கு வேறு இஞ்சின் வந்து நிற்பதில்லையா, அதுபோல என்று சமாளித்தேன். அவள் தலையைச் சாய்த்து, மேஜை மேலிருந்த விமானத்தைத் தன் அப்பா ரயில்வே யார்டைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

"அப்போ அந்த ப்ளேனு வாலக் கழட்டணும் டீச்சர். வால்லதானே இஞ்சின் கீது. இஞ்சினக் கழட்டி, நம்ம பொட்டிய நடுவுல வெச்சி, திரும்ப இஞ்சின மாட்டி. அதுக்குள்ள ஜனங்க பஸ்ஸுல பாண்டிச்சேரி போய் சேந்துடுவாங்க."

வகுப்பு சிரித்தது. நான் சிரிக்காமல், விவரம் பார்ப்பதுபோலப் பத்திரிகையைப் பிரித்து அந்தப் படத்தை முகத்துக்கு நேராகப் பிடித்தேன். உண்மையில் முகத்தை மறைப்பதற்காகத்தான் பிடித்தேன். அவ்வளவு பக்கத்தில் அந்தப் படத்தை நான் அதுவரை பார்த்ததில்லை. உருளையின் விளிம்பைச் சுற்றி அந்தப் புள்ளிகள். மசி தெறித்தால் இப்படி வரிசையாகவா தெறிக்கும்? ஒன்றுக்கொன்று சம இடைவெளியில், விளிம்பு முழுக்கச் சுற்றி, இரண்டு வரிசையாக. அவை ரிவெட் தலைகள்.

சின்ன வயதில் விக்கிரவாண்டி ஆற்றுப் பாலத்தில் வேலை நடந்தபோது அப்பாவுக்குச் சோறு கொண்டுபோய், அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை அந்த இரும்புப் பாலத்தின் ரிவெட்டுகளை விரலால் தடவிக்கொண்டே உட்கார்ந்திருப்பேன். சூட்டில் பழுக்கவைத்து அடித்து இறக்கிய ஆணிகள் அவை. ஒன்றைப் பெயர்க்க வேண்டுமானால் உளியும் சம்மட்டியும் இரண்டு ஆளும் வேண்டும். கூட்டம் குறைந்துவிட்டது என்று எவனும் அதைப் பிரிக்கமாட்டான். ஆக அந்த உருளைகளைத் தொழிற்சாலையிலேயே வைத்து, ரிவெட் அடித்து, நீளமாகவே ஒரு புது விமானத்தைச் செய்கிறார்கள். அது நீளமாகவே பிறந்து நீளமாகவே சாகும். எந்த ஜங்ஷனிலும் எதையும் கழற்றுவதில்லை. என் விமானத்தில் தொங்கிக்கொண்டிருந்த வால்வு டியூப்பைப் பார்த்தேன். காது இரண்டும் சூடாகிவிட்டன.

அந்த நேரத்தில் உண்மையைச் சொல்லியிருந்தால் இந்தக் கதை என்னைப் பற்றி நல்லதாக ஏதாவது சொல்லும். நான் அப்படிச் செய்யவில்லை. பத்திரிகையைக் கீழே வைத்துவிட்டு, குரலை உயர்த்தி, இதுவரை நான் வேண்டுமென்றே ஒரு தப்பான செய்தியைச் சொல்லிக்கொண்டு வந்தேன், உங்களில் யார் கண்டுபிடிக்கிறீர்கள் என்று சோதிப்பதற்காக என்றேன். ஒரு பெண் அதை நெருங்கிவிட்டாள் என்று டிரைவர் மகளைக் காட்டினேன். இன்ஸ்பெக்ட்ரஸின் புருவம் உயர்ந்தது. அதில் மதிப்புத்தான் இருந்தது. அவர் இன்னும் ஏதோ எழுதினார். ஹெட்மிஸ்ட்ரஸ்கூட என்னைப் புதிதாகப் பார்ப்பதுபோலப் பார்த்தார். எனக்கே என்மேல் மரியாதை வந்தது.

முன் பெஞ்சில் ஒருத்தி எழுந்தாள். வகுப்பிலேயே அடக்கமான பெண். சொன்னதை வரி பிசகாமல் நினைவில் வைத்திருப்பவள். அவளைப் பற்றி எனக்கு எப்போதும் பெருமை உண்டு.

"டீச்சர், நேத்து ஒத்திகையிலயும் இதையேதானே சொன்னீங்க. முந்தாநாளும் சொன்னீங்க."

ஹெட்மிஸ்ட்ரஸ் புதுச் சுண்ணாம்பைப் பார்க்க ஆரம்பித்தார். "ஒத்திகையா?" என்று இன்ஸ்பெக்ட்ரஸ் மெதுவாகக் கேட்டார். அடக்கமான பெண் மட்டும், தான் சொன்னதில் என்ன பிழை என்று தெரியாமல் நின்றுகொண்டிருந்தாள். அவளை உட்கார் என்று சொன்னால் அவள் பொய் சொன்னதுபோல ஆகிவிடும். வேறு பொய்கள் என் கையில் இருந்தனவா என்று தேடிப் பார்த்தேன். இருந்தன. ஆனால் ஒவ்வொன்றும் அந்தப் பெண்ணைப் பொய்க்காரி ஆக்கிவிட்டுத்தான் என்னைக் காப்பாற்றும்போல இருந்தது. வேலை போய்விட்டது என்று அப்போதே முடிவு செய்துகொண்டேன். தங்கை நகத்தால் நீவி ஒட்டிய வெள்ளித் தாள் மேஜைமேல் மின்னிக்கொண்டிருந்தது.

"நேத்து எனக்குத் தெரியாதும்மா," என்றேன். "இப்பத்தான் தெரிஞ்சுது."

இன்ஸ்பெக்ட்ரஸ் கடிகாரத்தைப் பார்த்தார். "மணி அடிக்க இன்னும் நேரம் இருக்கு. தெரிஞ்சதைச் சொல்லுங்க," என்றார். அந்தக் குரலில் இரக்கமும் இல்லை, கோபமும் இல்லை. டிக்கெட் பரிசோதகர் அடுத்த ஆளைப் பார்த்துக் கேட்பதுபோல இருந்தது.

சொன்னேன். வால்வு டியூப்பைப் பிடுங்கிப் போட்டேன். கொக்கிகளைப் பிய்த்தேன். பிய்த்ததும் விமானம் என் கைகளில் நிற்காமல் உருண்டது, இரண்டு பிள்ளைகள் எழுந்து வந்து வாலையும் மூக்கையும் பிடித்துக்கொண்டார்கள். ஏன் முழுசாகப் புதிதாக ஒன்றைச் செய்யாமல் பழையதையே நீட்ட வேண்டும் என்று கேட்டேன். அது ஒத்திகையில் இல்லாத கேள்வி. ஒருத்தி பாவாடையைச் சொன்னாள். உயரமாகிவிட்டால் அம்மா புதுப் பாவாடை எடுப்பதில்லை, கீழே ஒட்டுத்துணி வைத்து நீட்டுகிறாள், இடுப்பு அதே இடுப்புத்தான் என்றாள். சரிதான் என்றேன். விமானி உட்காரும் அறை அதே, வால் அதே, விமானியும் மெக்கானிக்கும் புதிதாகக் கற்க வேண்டியது கொஞ்சம்தான். டிரைவர் மகள், நீளமானால் பாரம் கூடுமே, இஞ்சின் இழுக்குமா என்று கேட்டாள். அதற்குப் பதில் நான் நிற்காமல் கடந்துபோன பத்திகளில் ஒன்றில் இருக்க வேண்டும். எல்லோர் முன்னாலும் அதை எழுத்துக்கூட்டாத குறையாகப் படித்தேன். வலுவான இஞ்சின் வைத்தார்கள், இறக்கையையும் நீட்டினார்கள் என்று இருந்தது. நடுவில் ஒரு வார்த்தை வந்தது. தெரியாது, வீட்டில் அகராதி பார்த்துச் சொல்கிறேன் என்றேன். அகராதி என்னிடம் இருப்பதையே அதுவரை நான் யாரிடமும் சொன்னதில்லை. அகராதி தேவைப்படாதவள் என்று பெயர் எடுத்திருந்தேன்.

மணி அடித்தது. ஹெட்மிஸ்ட்ரஸ் அறையில் இன்ஸ்பெக்ட்ரஸ் விஷயத்தைச் சுருக்கமாக முடித்தார். பாதிப் பாடம் தப்பு. ஒத்திகை நடத்தியது அதைவிடத் தப்பு. இதை வைத்து யாரையும் நிலையாக எடுக்கும்படி அவரால் எழுத முடியாது. அடுத்த மாதம் இந்தப் பக்கம் வரும்போது மறுபடியும் ஒரு பாடம் பார்க்கிறேன், அதுவும் சரியில்லையென்றால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். அவர் கிளம்பியதும் ஹெட்மிஸ்ட்ரஸ் என் பக்கம் திரும்பினார். திட்டப் போகிறார் என்று நின்றேன்.

"நெம்புகோல்," என்றார்.

சாயங்கால வண்டியில் பத்திரிகையைப் பெயர் உள்பக்கம் போகும்படி சுருட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். அன்றைக்கென்று எதிரே இருந்த பெரியவர் ஒருவர், அது என்ன புஸ்தகம்மா என்று அக்கறையாகக் கேட்டார். சமையல் குறிப்பு என்றேன்.

வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னேன். தங்கை கூடையிலிருந்து அந்தத் துண்டுகளை எடுத்து, கசங்கிப்போன வெள்ளித் தாளை மறுபடியும் நீவ ஆரம்பித்தாள். ஒன்பதாம் வகுப்பு போய்விட்டதா என்று அவள் கேட்டிருந்தால்கூட எனக்குத் தேவலையாக இருந்திருக்கும். அப்பாவுக்கு வேலையைப் பற்றிய கவலை இரண்டாவதாகத்தான் வந்தது. முதலில் அவர் விமானத்தை நம்ப மறுத்தார்.

"ரிவிட்டா? அப்போ கூட்டம் இல்லாத அன்னிக்குக் காலி சீட்டையும் தூக்கிக்கினு பறப்பானா?"

"ஆமாம்பா."

"பேஜாரு புடிச்ச வேலயா கீதே," என்று விமானம் செய்தவர்களுக்காக வருத்தப்பட்டார். பிறகுதான், "உனக்கு இன்னா சொன்னாங்க?" என்று கேட்டார். மறுபடியும் பார்க்க வருகிறார்கள், இந்தத் தடவை நெம்புகோல்தான் எடுக்கப் போகிறேன் என்றேன். அவர், அப்படியானால் தன் கடப்பாரையை அன்றைக்குத் தரட்டுமா என்று கேட்டார். வேறு எந்த வார்த்தையாலும் அவர் என்னைத் தேற்றியிருக்க முடியாது. அது கடப்பாரை அல்ல, அவருடைய சோறு.

அடுத்த மாதம் அந்தக் கடப்பாரையோடு பாசஞ்சரில் ஏறினேன். காலியாக இருந்த பெஞ்சில் பாதியை அதுவே எடுத்துக்கொண்டது. பெண்கள் அனைவரும் என்னைப் பார்த்தார்கள். பத்திரிகையால் முடியாததைக் கடப்பாரை முடித்தது. எந்த ஊர்ல வேல, கொத்து வேலையா, சித்தாளா என்று ஒரு பாட்டி விசாரித்தாள். டீச்சர் வேலை என்றேன். அவள் நம்பவில்லை.

இந்தத் தடவை ஒத்திகை கிடையாது. கடப்பாரை, கத்திரிக்கோல், ஏற்றம். தாங்கு புள்ளி இங்கே, பாரம் இங்கே, விசை இங்கே. புத்தகத்தில் இருந்த வரிசையில், புத்தகத்தில் இருந்த வார்த்தைகளில். நடுவில் இன்ஸ்பெக்ட்ரஸின் தலை ஒருமுறை லேசாகத் தாழ்ந்து மறுபடியும் நிமிர்ந்ததை நான் பார்த்தேன். என் வாழ்க்கையிலேயே அவ்வளவு சலிப்பான பாடத்தை அதற்கு முன்பும் எடுத்ததில்லை, அப்புறமும் எடுத்ததில்லை. முடியும் தறுவாயில் டிரைவர் மகள் கையைத் தூக்கினாள். ஹெட்மிஸ்ட்ரஸ் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார்.

"டீச்சர், இது நேத்தே தெரியுமா?"

"தெரியும்," என்றேன்.

வகுப்பு மொத்தமும் சிரித்தது. இன்ஸ்பெக்ட்ரஸும் சிரித்தார், அல்லது தூக்கம் கலைந்து முகத்தைச் சரிசெய்துகொண்டார். எனக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. போகும்போது அவர் ஹெட்மிஸ்ட்ரஸிடம் போதும் என்று சொல்லிவிட்டுப் போனார். போதும் என்ற ஒரு சொல்லில் நான் பர்மெனன்ட் ஆனேன்.

அப்பா கேங்கில் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார். ஜெட் விமானத்தைப் பற்றிப் பாடம் எடுத்து என் மகள் பர்மெண்டு ஆனாள் என்றுதான் அங்கே சொல்லியிருக்கிறார். அதைத் திருத்த நான் ஒருமுறை முயன்றேன். கடப்பாரை வைத்து ஆனேன் என்று சொன்னால் கேங்கில் யார் மதிப்பார்கள் என்று கேட்டார். அதுவும் நியாயம்தான், விட்டுவிட்டேன்.

ஜூனில் தங்கை ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்தாள். நான் இப்போதும் அதே பள்ளியில், அதே வகுப்பில்தான் இருக்கிறேன். வேலை நிலையான அன்று ஹெட்மிஸ்ட்ரஸ் ஒரு நிபந்தனை போட்டார். பறக்கிற எதையும் இனி என் வகுப்பில் எடுக்கக் கூடாது. சரி என்று ஒப்புக்கொண்டேன். அந்த வருஷம் பொது விஞ்ஞானத்தில் பறவைகளைப் பற்றிய பாடம் வந்தபோது அவர் அறை வாசலில் போய் நின்று, புறாவுக்கு அனுமதி உண்டா என்று கேட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, புறா எங்கெங்கே நின்று போகும் என்று கேட்டார்.